எங்கள் வீட்டுக் குடித்தனக்காரர்கள்

தமிழனுக்குத் தேன் மீதுள்ள பிரியம் சாமானியமானதல்ல. இனிமையாகப் பேசுகிறவரைத் தேனொழுகப் பேசுகிறார் என்கிறான். பெற்ற பெண்ணுக்குத் தேன்மொழி என்று பெயர் வைக்கிறான். பழனியாண்டவருக்குப் பஞ்சாமிர்தத்தில் தேன். வள்ளி மணாளனுக்குத் தேனும் தினைமாவும். சித்த வைத்தியர் தரும் சூரணத்துக்கு அனுபானம் தேன். இத்தனையும் இருக்க, அந்தத் தேனை ஆக்குகிற ஜீவன் அவன் வீட்டு உத்தரத்தில் வந்து ஒரு கூடு கட்டிவிட்டால், முதல் காரியமாகத் தீப்பந்தத்தைத் தேடுகிறான். பண்டத்தைப் போற்றுவதும், அதைப் படைத்தவனை விரட்டுவதும் நம் தேசத்தில் தேனீயின் விஷயத்தில் மட்டும் நடக்கிற காரியம் அல்லதான். ஆயினும் தேனீயின் விஷயத்தில் அது வெகு நன்றாகத் தெரிகிறது.

பாரியின் பறம்பு மலையைப் பாடிய கபிலர், உழவர் உழாமலே அம்மலை தரும் நான்கு விளைபொருள்களில் தேனையும் ஒன்றாக எண்ணினார். உழாமல் கிடைப்பது என்பது உண்மை. ஆனால் உழைக்காமல் கிடைப்பது என்று யாரும் எண்ணிவிடலாகாது. உழைப்பு நம்முடையதல்ல என்பதே விஷயம்.

இதை நான் புத்தகத்தில் படித்து அறிந்தவனல்லன். எங்கள் ஊர் கன்னியாகுமரி ஜில்லாவில், மார்த்தாண்டத்துக்கு அருகில் உள்ளது. என் தகப்பனாருக்கு முக்கால் ஏக்கர் தென்னந்தோப்பும், அதனுள் முப்பது தேன் பெட்டிகளும் இருந்தன. நிலத்தின் வருமானம் சோற்றுக்குச் சரியாகப் போயிற்று. பள்ளிக்கூடத்துச் சம்பளம், புத்தகம், துணிமணி, அக்காளின் கழுத்துச் சங்கிலி எல்லாம் பெட்டியிலிருந்தே வந்தன. சிறுவனாக இருந்தபோது ஒருநாள், "இத்தனை வேலைக்காரர்களுக்கும் நாம் கூலி கொடுப்பதில்லையே, அப்பா?" என்று கேட்டேன். அவர் புகைப்பானைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மக்கா, அது நம்ம கூலியாள் இல்ல. நம்ம வீட்டில் குடியிருக்கிற குடித்தனக்காரங்க. தேன் அவங்க தருகிற வாடகை. வாடகைக்கு மேலே ஒரு துளி எடுத்தாலும் அது களவு" என்றார்.

அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கச் சில வருஷங்கள் ஆயின. தேன் என்பது தேனீ நமக்காகச் செய்து வைக்கும் பலகாரம் அன்று. மலரில்லாத மழை மாதங்களுக்காக அது தன் குஞ்சு குளுவான்களுக்குச் சேமித்து வைக்கும் குதிர். வேனிலில் அந்தக் குதிரை வழித்துத் துடைத்துவிட்டு, ஆனி ஆடியில் கூட்டம் பட்டினியால் ஓடிவிட்டது என்று அழுவோர் உண்டு. என் தகப்பனார் மேல் அறையிலுள்ள தேனையே எடுப்பார். குஞ்சுகள் வளரும் கீழ் அறையைத் தொடமாட்டார். மழை காலத்தில் தாமே சர்க்கரைப் பாகு காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிப் பெட்டிக்குள் வைப்பார்.

ஒரு துளித் தேனுக்குள் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்பதைச் சற்றே பார்ப்போம். மலரிலுள்ள மது பெரும்பாலும் தண்ணீரே. தேனீ அதை உறிஞ்சித் தன் தேன் பையில் நிரப்பிக்கொண்டு வரும்போதே, அதன் உமிழ்நீரிலுள்ள ஒரு நொதி அம் மதுவின் சர்க்கரையை இரு எளிய சர்க்கரைகளாக உடைக்கத் தொடங்கிவிடுகிறது. கூட்டில் உள்ள தேனீக்கள் அதை வாய்க்கு வாய் மாற்றி, அறைகளில் பரப்பி, இரவெல்லாம் சிறகால் விசிறித் தண்ணீரை வற்றவைக்கின்றன. தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்த பின்னரே அறையை மெழுகால் மூடி முத்திரை இடுகின்றன. வேலை மிகுந்த பருவத்தில் ஒரு வேலைக்காரத் தேனீயின் ஆயுள் சுமார் ஆறு வாரம். அந்த ஆயுள் முழுவதும் உழைத்து அது சேர்ப்பது ஒரு தேக்கரண்டியில் சிறு பங்குதான். காலையில் தோசைக்கு நாம் அலட்சியமாக ஊற்றிக்கொள்ளும் ஒரு கரண்டித் தேன், பல உயிர்களின் ஆயுட்காலச் சம்பாத்தியம்.

வெளியே சென்ற தேனீ திரும்பி வந்து, மலர் இருக்கும் திக்கையும் தூரத்தையும் அடையின் மீது ஆடிக் காட்டுகிறது. செங்குத்தான கோட்டிலிருந்து எத்தனை பாகை சாய்ந்து ஆடுகிறதோ, சூரியனிலிருந்து அத்தனை பாகை விலகி மலர் இருக்கிறதென்று பொருள். எவ்வளவு நேரம் உடலை அசைக்கிறதோ அவ்வளவு தூரம். இந்த ஆட்டத்தின் பொருளைக் கண்டறிந்த கார்ல் வான் பிரிஷ் என்னும் ஆஸ்திரிய அறிஞருக்கு 1973ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. கோண அளவை என்றதும் கொட்டாவி விடும் என் மாணவர்கள், இதைச் சொன்னால் மட்டும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

நிற்க. எங்கள் பகுதியில் இந்தத் தொழில் வேரூன்றியது பற்றியும் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். பண்டைக் காலத்தில் தேன் என்றால் பொந்திலும் பாறையிலும் அடையை அறுத்துப் பிழிவதுதான். குஞ்சும் முட்டையும் சேர்ந்தே நசுங்கும். 1851ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லாங்ஸ்டிராத் என்னும் பாதிரியார் ஒரு சிறு உண்மையைக் கவனித்தார். அடைக்கும் அடைக்கும் இடையே ஏறக்குறைய மூன்றில் ஒரு அங்குலத்துக்குச் சற்று அதிகமான சந்து விட்டால், தேனீக்கள் அதை மெழுகால் அடைக்காமல் வழியாக விட்டுவைக்கின்றன. அந்தச் சந்தைக் கணக்கிட்டுச் செய்த பெட்டியில் சட்டங்களைத் தனித்தனியே எடுக்கலாம். தேனைச் சுழற்றி எடுத்துவிட்டு அடையைத் திரும்ப வைக்கலாம். ஒரு குஞ்சும் சாவதில்லை. ஆயினும் அந்தப் பெட்டி நம் நாட்டுத் தேனீக்குப் பெரிது. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில், தென்னிந்தியாவில் நியூட்டன் பாதிரியார் நம் தேனீயின் உடலுக்கும் கூட்டத்துக்கும் ஏற்ற சிறு பெட்டியை அமைத்துக் கிராமத்தாருக்குக் கற்றுக்கொடுத்தார். இன்றும் எங்கள் ஊரில் அதற்கு நியூட்டன் பெட்டி என்றே பெயர். அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், 1920களில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்பவரின் தலைமையில் கிராமப் புனருத்தாரண வேலையைத் தொடங்கியபோது, ஏழைக் குடியானவனுக்கு ஏற்ற உபதொழில்களுள் ஒன்றாகத் தேனீ வளர்ப்பையும் பரப்பினார்கள். 1934ஆம் ஆண்டில் காந்தியடிகள் நிறுவிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கமும் இதைத் தன் தொழில்களில் சேர்த்துக்கொண்டது.

அச் சங்கத்தை நடத்திய ஜே. ஸி. குமரப்பா நம் தஞ்சாவூரில் பிறந்தவர். நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றி அவர் சிறையிலிருந்து எழுதிய நூலில், பிறர் உழைப்பைப் பறித்து வாழும் வாழ்வுக்குப் புலியையும் குரங்கையும் உதாரணமாகக் காட்டி, தனக்கென்று அல்லாமல் கூட்டத்துக்காக உழைக்கும் வாழ்வுக்குத் தேனீயைக் காட்டுகிறார். நிலமில்லாதவனும் செய்யக்கூடிய விவசாயம் இது ஒன்றுதான். பெட்டி வைக்க ஒரு முழ இடம் போதும். மேய்வது அயலான் தோட்டத்தில். அந்த அயலானுக்கும் அதனால் லாபமே அன்றி நஷ்டமில்லை. எங்கள் ஜில்லாவில் ரப்பர் மரம் தை மாதத்தில் இலையுதிர்த்துத் தளிர்க்கும்போது, மலரில் அல்ல, இலைக்காம்பின் நுனியிலேயே மது சுரக்கும். அந்த இரண்டு மூன்று மாதங்களில்தான் எங்கள் வருஷத்துச் சம்பாத்தியம் முழுவதும்.

1991ஆம் ஆண்டில் நான் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் தென்னாட்டுத் தேனீக்களை ஒரு கொள்ளை நோய் தாக்கியது. முதலில் தாய்லாந்தில் கண்டறியப்பட்டதால் அந்நாட்டின் பெயராலேயே அழைக்கப்படும் வைரஸ் நோய் அது. வளர்ந்த தேனீக்கு வெளியில் ஒன்றும் தெரிவதில்லை. புழுவாக இருக்கும் குஞ்சுதான் கூட்டுப்புழுவாக மாறுவதற்குள் இறந்து, தோல் பைபோலாகி, உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். என் தகப்பனார் ஒரு சட்டத்தை வெயிலில் தூக்கிப் பிடித்தபோது, அறை ஒவ்வொன்றிலும் தலையைத் தூக்கிய தோணிபோல அந்தச் செத்த புழுக்கள் கிடந்ததை நான் பார்த்தேன். மருந்து இல்லை, இன்றுவரை நேரான மருந்து இல்லை. சில கூட்டங்கள் பெட்டியைவிட்டு ஓடின. மற்றவை நாளுக்கு நாள் சிறுத்து அடங்கின. காலை வேளைகளில் எங்கள் தோப்பில் எப்போதும் கேட்கும் இரைச்சல் நின்றுபோயிற்று. அந்த மௌனத்தில் என் தாயார் தேங்காய் துருவும் ஓசை வாசல்வரை கேட்டது.

தென்னாட்டில் பெட்டித் தேனீக்களில் மிகப் பெரும் பகுதி அந்த நோயில் மாண்டது. எங்கள் தெருவில் பலர் பெட்டிகளை விறகுக்குப் போட்டார்கள். எங்கள் முப்பதில் மிஞ்சியவை மூன்று. என் தகப்பனார் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலைக்குப் போனார். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய்வந்த பின், அந்த மூன்று பெட்டிகளையும் தினம் ஒருமுறை திறக்காமலே காது வைத்துக் கேட்பார். "நோய் வந்தும் சாகாதது இது மூணும். இதன் வயிற்றில் பிறக்கிறதும் தாங்கும்" என்று அவர் சொன்னார். அவர் விஞ்ஞானம் படித்தவரல்லர். ஆனால் அவரைப்போலவே ஆங்காங்கே மிஞ்சிய கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கியவர்களால்தான் நாட்டுத் தேனீ எங்கள் பக்கத்தில் மீண்டும் தழைத்தது. மூன்று, ஐந்தாகி, பன்னிரண்டாயிற்று. நான் பட்டப்படிப்புக்கு நாகர்கோவில் சென்ற வருஷத்தில் விடுதிச் செலவுக்கு அந்தப் பன்னிரண்டு பெட்டிகளே வாடகை கொடுத்தன.

இதற்கிடையே இத்தாலியத் தேனீயும் வந்து சேர்ந்தது. 1960களில் பஞ்சாபில் வேர் பிடித்த அந்த இனம் அதிகத் தேன் தருவது. இந்த நோய்க்கு அவ்வளவாக அஞ்சாதது. அதன் மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் நம் மழையையும் நம் எறும்பையும் குளவியையும் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அறிந்து வாழ்ந்த சுதேசித் தேனீயைக் கைவிடுவதற்கு அது காரணமாகலாகாது. ஒரே விதையை நம்பிய உழவனும், ஒரே இனத்தை நம்பிய இடையனும் ஒரு கொள்ளை நோயில் ஓட்டாண்டியாவார்கள் என்பதை எங்கள் தெரு அறியும்.

தேனோடு தேனீயின் கொடை முடிந்துவிடுகிறதா? இல்லை. இளம் தேனீயின் வயிற்றடியிலிருந்து செதில் செதிலாகச் சுரக்கும் மெழுகை எண்ணிப் பாருங்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகில் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவம் செய்கிறார்கள். அதன் மேல் வண்டல் மண்ணைப் பூசி, சூடேற்றி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். சிற்ப சாஸ்திரத்தில் இதற்கு மதூச்சிஷ்ட விதானம் என்று பெயர். தேன் போக மிஞ்சியதைக் கொண்டு செய்யும் முறை என்பது பொருள். சோழர் காலத்து நடராஜ மூர்த்திகள் உலகமெங்கும் புகழ் பெற்றவை. அந்த மூர்த்திகள் ஒவ்வொன்றும் செம்பில் ஆடுமுன் தேனீயின் மெழுகில் ஒருமுறை ஆடியவை என்பதை நாம் நினைப்பதுண்டோ?

தேனின் குணங்களை நான் அதிகம் விவரிக்கப்போவதில்லை. புண்ணின் மேல் தேன் தடவும் பாட்டி வைத்தியத்துக்கு விஞ்ஞானக் காரணம் உண்டு. கிருமி பெருகுவதற்கு வேண்டிய நீர் அதில் இல்லை. ஆனால் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பதென்று நாவில் தேன் தடவும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. சுத்தமான தேனிலும் இருக்கக்கூடிய ஒருவகை நுண்கிருமியின் வித்து, பெரியவர்களை ஒன்றும் செய்யாது. பச்சிளங் குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளை முடக்கும் விஷத்தை உண்டாக்கிவிடும். தேன் விற்றுப் பிழைத்த வீட்டில் பிறந்தவன் சொல்கிறேன்; என் பேச்சைக் கேளுங்கள்.

தேனும் மெழுகும் தேனீ தரும் சில்லறை. அது தரும் பெரும் பணம் வேறு. உலகின் முக்கிய உணவுப் பயிர்கள் 115ஐ ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கணக்கின்படி, அவற்றுள் 87 பயிர்கள் ஏதோ ஓர் அளவில் தேனீ முதலிய ஜீவன்கள் மகரந்தம் சுமப்பதை நம்பியிருக்கின்றன. நெல்லுக்கு இது வேண்டாம். ஆனால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வேண்டுமே! பூசணி, பாகல், வெள்ளரி, சூரியகாந்தி எல்லாம் தேனீயை எதிர்பார்த்து நிற்பவை.

நான் வேலை பார்க்கும் பள்ளியில் மதிய உணவுக்கென்று ஒரு காய்கறித் தோட்டம் போட்டோம். பூசணிக்கொடி வேலியெல்லாம் படர்ந்தது. பூவுக்குக் குறைவில்லை, பிஞ்சுதான் வெம்பி வெம்பி விழுந்தது. ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒட்டும் தன்மையுள்ள அதன் மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகாது. சுற்றியுள்ள தோட்டங்களில் ஓயாமல் மருந்து தெளித்ததில் தேனீ அருகிவிட்டது. என் தகப்பனாரின் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து தோட்டத்து ஓரத்தில் வைத்தேன். பிஞ்சு நின்றது.

இரண்டாம் மாதத்தில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கண்ணிமையில் தேனீ கொட்டிவிட்டது. கொடுக்கை உடனே எடுத்து, குளிர்ந்த நீர்த் துணி வைத்து, மூச்சுத் திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வருகிறதா என்று ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தோம். ஒன்றும் வரவில்லை. மறுநாள் பெற்றோர் கூட்டத்தில் நான் மேலே சொன்னவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னேன். பையனின் தாயார் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஸார், எம் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா, பூசணிக்காய் வந்து பதில் சொல்லுமா?" என்று கேட்டாள்.

அதற்கு என்ன பதில் சொல்வது? அவள் கேள்வி நியாயமானது. தேனீயின் நன்மையை ஊருக்குச் சொல்லுகிறவன், கொட்டுப்பட்டவனின் தாய்க்கும் வழி சொல்லக் கடமைப்பட்டவன். பெட்டியைப் பள்ளி எல்லைக்கு அப்பால், உயரமான செம்பருத்தி வேலிக்குப் பின்புறம் கொண்டுபோவதென்று முடிவாயிற்று. வேலி உயரமாக இருந்தால் தேனீக்கள் மேலெழும்பிப் பிள்ளைகளின் தலைக்கு மேலே பறந்துவிடும். ஆனால் பெட்டியை ஒரே நாளில் அறுபது அடி தள்ளிவைக்க முடியாது. வெளியே போன தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பிவந்து, வீட்டைக் காணாமல் சுற்றிச் சுற்றிச் சாகும். நாளொன்றுக்கு இரண்டடி வீதம், மாலையில் அவை அடங்கிய பின் நகர்த்தினோம். ஒரு மாதம் ஆயிற்று. தினமும் நாடா பிடித்து அளந்தவர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். கொட்டுப்பட்டவன் முதல் வாரம் தூரத்திலிருந்தே கணக்கை எழுதினான். பிறகு நாடாவின் ஒரு முனையைத் தானும் பிடித்தான். அவன் தாயார் இன்றும் அந்தப் பெட்டியின் பக்கம் போகமாட்டாள். பூசணிக்காய்க் கூட்டை மட்டும் அவன் வீட்டில் சொல்லிப் புகழ்ந்திருக்கிறான் போலும். விதை கேட்டு அனுப்பினாள்.

இப்போது இத்தொழிலுக்கு வந்திருக்கும் ஆபத்து நோயினால் மட்டுமல்ல. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் டில்லியிலுள்ள விஞ்ஞான சுற்றுச்சூழல் மையம், கடைகளில் விற்கும் பதின்மூன்று வகைத் தேனைச் சோதித்ததில் எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றே என்று வெளியிட்டது. சோதனைக்குத் தப்பும்படியே தயாரிக்கப்பட்ட சர்க்கரைப் பாகு கலப்பதுதான் காரணம் என்றது. பாகின் விலைக்கு உண்மைத் தேனை விற்க எந்தக் குடியானவனால் முடியும்? தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, எறும்பு மொய்க்கிறதா என்று காத்திருப்பது முதலிய வீட்டுச் சோதனைகளால் பயனில்லை. கெட்டியான பாகும் தண்ணீரில் அப்படியேதான் இறங்கும். உறைந்து போன தேனைப் போலி என்று எறிவதும் தவறு; நல்ல தேன் பல உறையும் இயல்புள்ளவை. பெட்டி வைத்திருப்பவரைத் தெரிந்துகொண்டு அவரிடமே வாங்குவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே சோதனை. பயிருக்கு மருந்து தெளிக்கத்தான் வேண்டும் என்றால், பூக்கும் பருவத்தைத் தவிர்த்து, சூரியன் அடைந்த பின் தெளியுங்கள். அப்போது தேனீ வீட்டில் இருக்கும்.

என் தகப்பனாருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பெட்டிகள் ஒன்பது இருக்கின்றன. ரப்பர் தளிர்க்கும் மாதங்களில் மட்டும் அவருக்கு முதுகுவலி இருப்பதில்லை.

மலையிலும் உயர்ந்த கட்டடங்களிலும் தொங்கும் பெரிய மலைத்தேனீ பெட்டிக்கு அடங்காது. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் சிறிது காலம் பொறுத்திருந்தால், பருவம் மாறும்போது அதுவே போய்விடும். ஆனால் வீட்டுச் சுவரின் பொந்திலோ, கவிழ்த்த பானையிலோ குடியேறுவது பெரும்பாலும் நம் நாட்டுத் தேனீதான். அதற்குப் பந்தம் கொளுத்த வேண்டாம். பக்கத்து ஊரில் பெட்டி வைத்திருப்பவர் ஒருவருக்குச் சொல்லியனுப்புங்கள். மாலையில் வந்து, அடையை அறுத்துச் சட்டத்தில் வாழைநாரால் கட்டி, ராணியையும் கூட்டத்தையும் பெட்டியில் சேர்த்து எடுத்துப் போவார். கூலி கேட்கமாட்டார்.